இரட்டை ஹூக் ஃபுல் பாடி ஹார்னஸ்: சாரத்து வேலைக்கு எப்படி இருக்கு?

சாரம் கட்டுற ஆட்களைக் கவனிக்கிற சூப்பர்வைசர் நான். மழைக்காலம் முழுக்க எங்க ஆட்கள் இந்த ஹார்னஸை, அதாவது விழுந்தா உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற பட்டைக் கட்டைப் போட்டுத்தான் மேல ஏறினாங்க. பாலியஸ்டர் பட்டை, முதுகுல டி-ரிங் (கயிறு மாட்டுற உலோக வளையம்), நுனியில ஹூக் வச்ச 2 மீட்டர் லேன்யார்ட் (இணைப்புக் கயிறு) ரெண்டு, நடுவுல ஷாக் அப்சார்பர் (விழும்போது விரிஞ்சு அதிர்ச்சியைக் குறைக்கிற மடிப்புப் பட்டை).

முதல்ல ஹூக். சாரத்துக் குழாயோட வெளிவிட்டம் 48.3 மி.மீ. இந்த ஹூக்கோட வாய் அதைவிடக் கொஞ்சம் அதிகமாவே திறக்குது. கையுறை போட்ட கையாலயே ஒரே அமுக்குல குழாயில மாட்டிடலாம். மாட்டுறது சுலபமா இருந்தாத்தான் ஆள் ஒவ்வொரு தடவையும் மாட்டுவார். ஹூக் ரெண்டு இருக்கிறதால, அடுத்த குழாயில ஒண்ணை மாட்டின பிறகுதான் பழையதைக் கழட்டணும். ஒத்தை ஹூக்குல இடம் மாறுற அந்த நொடி ஆள் எதிலயும் பிடிப்பில்லாம நிப்பார்.

சும்மா இருக்கிற இன்னொரு ஹூக்கை எங்க வைக்கிறதுங்கிறதைப் பல பேர் கவனிக்கிறதே இல்லை. இடுப்பு வளையத்துல மாட்டிக்கிட்டா, விழும்போது இழுப்பு அப்சார்பரை விட்டுட்டு அந்த ஹூக் வழியாப் போயிடலாம். அப்போ அப்சார்பர் விரியாது, மொத்த அதிர்ச்சியும் உடம்புக்குத்தான். இதுல நெஞ்சுப் பட்டையில தனியா ஒரு சின்ன வளையம் வச்சிருக்காங்க, வேகமா இழுத்தா அது பிய்ஞ்சு வந்துடும். இதை யோசிச்சுச் செஞ்சவங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

எங்க கூட்டத்துல மூத்தவர் முதல்ல போட்டுப் பார்த்துட்டு, "தம்பி, குனியவே முடியலையே"ன்னார். "அண்ணே, தொடைப் பட்டையை இன்னும் கொஞ்சம் தளர்த்துங்க, விரிச்ச கை உள்ள போனாப் போதும்"னு சொல்லிச் சரிபண்ணினேன். அப்புறம் அவர் கழட்டவே இல்லை. ஆனா ரொம்ப ஒல்லியான பையன்களுக்குப் பட்டையைக் கடைசி வரை இழுத்தாலும் தொளதொளன்னு நிக்குது. ஒரே சைஸை எல்லாருக்கும் கொடுக்கிறது தப்பு.

பெரிய குறை வேற. எவ்வளவு உயரத்துக்கு மேல இதை நம்பலாம்னு லேபிள்ல பளிச்சுன்னு போடலை. கணக்கு இதுதான்: லேன்யார்ட் 2 மீட்டர், அப்சார்பர் விரியறது அதிகபட்சம் 1.75, டி-ரிங்கிலேர்ந்து கால் வரை சுமார் 1.5, மிச்சம் வைக்க 1. ஹூக் மாட்டின இடத்துக்குக் கீழ ஆறேகால் மீட்டர் காலியா இருக்கணும். நாலு மீட்டர் உயரத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறவர், ஹார்னஸ் போட்டிருந்தும் தரையில மோதலாம். அந்த உயரத்துக்கு இடுப்பளவு கைப்பிடிக் குழாயும் முழுப் பலகையும்தான் முதல் காவல். நான் எப்பவும் அதைத்தான் முதல்ல கேப்பேன், ஹார்னஸ் அதுக்கு அப்புறம்தான்.

அப்சார்பர் ஐரோப்பியத் தரமான ஈ.என். 355-க்கு உட்பட்டது. அதாவது, விழுறப்போ உடம்புல ஏறுற விசை 6 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய 600 கிலோ எடை. ஒரு தடவை விரிஞ்சா அந்த செட்டை ஒதுக்கி வெட்டிப் போட்டுடணும், திரும்ப மடிச்சுத் தைக்கிற வேலையே வேண்டாம். வெல்டிங் பொறி பட்ட பட்டையையும் அப்படித்தான்.

ரெண்டு பக்கமும் சின்னப் பையில கால் மிதிக்கிற பட்டை இருக்கு. தொங்குறவர் அதுல கால் ஊன்றி நின்னா, தொடைப் பட்டை ரத்த ஓட்டத்தை அழுத்துறது குறையும். அதுக்காக ஆம்புலன்ஸ் வரட்டும்னு அவரைத் தொங்கவிட்டுடக் கூடாது. இறக்குறதுக்கு ஆளும் ஏணியும் கயிறும் காலையிலயே தயாரா இருக்கணும். எந்தக் கம்பெனியும் அதைப் பெட்டியில போட்டுத் தராது.

அடுத்த சைட்டுக்கும் இதையேதான் கேட்டிருக்கேன். இந்தத் தடவை சின்ன சைஸும் சேர்த்து.