ஸ்விண்டில், கான், ஃபிராடு, ஸ்கேம்: எதை எங்கே போடுவது?

தமிழில் ‘மோசடி’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. சீட்டுக் கம்பெனிக்காரன் கம்பி நீட்டினாலும் மோசடி, பத்திரத்தில் பெயரை மாற்றினாலும் மோசடி. ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் தொல்லை. அகராதி நாலைந்து சொல்லை நீட்டும்; ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது.

ஸ்விண்டில் 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதன் மூலச் சொல்லுக்குத் தலைசுற்றல் என்றும் பொருள். ஆசை காட்டி, திட்டம் போட்டு, பணத்தையோ சொத்தையோ கறப்பதுதான் ஸ்விண்டில். கத்தியைக் காட்டுவதில்லை, பூட்டை உடைப்பதில்லை. ஏமாறுகிறவரே தன் கையால் எடுத்துக் கொடுப்பார். இதற்குக் கிரெகர் மெக்கிரெகரை மிஞ்ச ஆளில்லை. மத்திய அமெரிக்காவில் ‘போயாய்ஸ்’ என்றொரு நாடு இருக்கிறது, அதற்கு நான்தான் தலைவன் என்று சொல்லி, 1820களில் லண்டனில் இல்லாத நாட்டின் நிலத்தையும் கடன் பத்திரங்களையும் விற்றார். குடியேறப் போனவர்கள் கையிலிருந்த பவுண்டுகளைப் போயாய்ஸ் நோட்டாக மாற்றிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். இறங்கிய இடத்தில் காடும் காய்ச்சலும்தான் இருந்தன. பாதிக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

கான் இன்னும் நெருக்கத்தில் நடப்பது. ‘கான்ஃபிடென்ஸ்’ என்பதன் சுருக்கம். 1849இல் நியூயார்க்கில் பிடிபட்ட வில்லியம் தாம்சன், கனவான் போல உடுத்திக்கொண்டு, முன்பின் தெரியாதவரிடம் பழகியவர் மாதிரிப் பேச்சுக் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில், என்மேல் நம்பிக்கை இருந்தால் உங்கள் கடிகாரத்தை நாளைவரை கொடுத்து வையுங்கள் என்பார். கொடுத்திருக்கிறார்கள்! பத்திரிகைகள் அவருக்கு ‘கான்ஃபிடென்ஸ் மேன்’ என்று பெயர் வைத்தன. ஆக, நம்பவைத்த சாமர்த்தியம் முன்னே நின்றால் கான். பறிபோன சொத்து முன்னே நின்றால் ஸ்விண்டில்.

வாக்கியத்திலும் இது தெரியும். ‘ஸ்விண்டில்டு ஹெர் அவுட் ஆஃப் ஹெர் சேவிங்ஸ்’ என்றால் சேமிப்பு போயிற்று. ‘கான்டு ஹெர் இன்டு சைனிங்’ என்றால் பேசியே கையெழுத்துப் போட வைத்தான். ஃபிராடின் வினைச்சொல்லான டிஃபிராடுக்குப் பின்னால் ‘அவுட் ஆஃப்’ வேண்டாம், வெறும் ‘ஆஃப்’ போதும்.

ஃபிராடு சட்டம் பேசுகிற சொல். இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு ஃபிராடு சட்டம் அதை மூன்றாகப் பிரிக்கிறது: பொய்யாகச் சொல்வது, சொல்ல வேண்டியதை மறைப்பது, பதவியைத் தவறாகப் பயன்படுத்துவது. நம் ஊர்ப் போலீஸ் புகாரில் ‘சீட்டிங்’ என்றுதான் வரும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 420ஆம் பிரிவு 2024 ஜூலையிலிருந்து, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆகிவிட்டது. ‘அவன் ஒரு ஃபோர் ட்வென்டி’ என்ற வசவு மட்டும் ஓய்வு பெறுவதாக இல்லை. இன்னொன்று: ‘ஹீ இஸ் எ ஃபிராடு’ என்றால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் போலி ஆசாமி, இல்லாத தகுதியை இருப்பதாகக் காட்டுகிறவர். நாம் ‘அவன் ஃபிராடுப்பா’ என்று திட்டுவது அதைவிட அகலம்.

ஸ்கேம் 1960களில் புழக்கத்துக்கு வந்த அமெரிக்கக் கொச்சை. 1992இல் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா விவகாரத்துக்குப் பிறகு இந்தியப் பத்திரிகைகள் அதை ஊழலுக்கெல்லாம் ஒட்டிவிட்டன, 2ஜிவரைக்கும் ஸ்கேம்தான். லண்டன்காரர் அதே சொல்லைக் கேட்டால், ஓடிபி கேட்டுவரும் போன்காரனைத்தான் முதலில் நினைப்பார். வெளியூர் வாசகருக்கு எழுதும்போது நான் ஊழலுக்கு ‘கரப்ஷன் ஸ்கேண்டல்’ என்றே போடுவேன்.

எம்பெசில் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம்பி ஒப்படைத்த பணத்தில் கைவைப்பது. ‘கையாடல்’ அச்சாகப் பொருந்தும்.

இத்தனையிலும் பாராட்டாக வருவது ஸ்விண்டில் ஒன்றுதான், அதுவும் சதுரங்கத்தில். தோற்றே போனோம் என்ற நிலையில் எதிராளிக்கு ஒரு பொறி வைத்து, டிராவோ வெற்றியோ பறிப்பதற்கு அங்கே அந்தப் பெயர். அமெரிக்க ஆட்டக்காரர் ஃபிராங்க் மார்ஷல் இதில் பேர்போனவர். அவரைப் பற்றி எழுதும்போது ஃபிராடு என்று போட்டீர்களோ, காயைத் திருட்டுத்தனமாக நகர்த்தினார் என்று அர்த்தமாகிவிடும்.