கலைக்குத் தனிப் பாடவேளையா, பாடத்துக்குள்ளேயே கலையா?

பள்ளியில் கலைக்கு இடம் தர மூன்று வழிகள் பேசப்படுகின்றன. ஓவியத்துக்கும் இசைக்கும் வாரத்தில் தனிப் பாடவேளை ஒதுக்கி, அதற்கென்றே படித்த ஆசிரியரை வைப்பது முதல் வழி. கணக்கு, அறிவியல், மொழிப் பாடங்களுக்குள்ளேயே ஓவியத்தையும் நாடகத்தையும் தாளத்தையும் சேர்த்து நடத்துவது இரண்டாவது. வெளியிலிருந்து நாடகக் குழுவையோ ஓவியரையோ சில வாரங்களுக்கு அழைத்து வருவது மூன்றாவது. கால அட்டவணையில் கட்டங்கள் குறைவு என்பதால், ஒன்று வந்தால் இன்னொன்று போக வேண்டும் என்றே இந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது வழியில்தான் குழப்பம் அதிகம், அதனால் அதையே முதலில் பார்க்கிறேன். பாடத்தோடு கலையைச் சேர்ப்பது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் செய்வது ஒன்றல்ல. அமெரிக்க ஆய்வாளர் லியோரா பிரெஸ்லர் 1995-இல் இதை நான்கு வகையாகப் பிரித்தார். பாடத்துக்குக் கலை ஏவல் வேலை செய்வது, மனநிலையை இளக்குவதற்காகக் கலையைத் தொட்டுக்கொள்வது, விழாவுக்கும் கூட்டத்துக்கும் கலையைப் பயன்படுத்துவது, பாடமும் கலையும் சமமாக நின்று இரண்டுமே சிந்தனையைக் கோருவது. பள்ளிகளில் அவர் அதிகம் கண்டது முதல் வகை. மிக அரிதாகக் கண்டது கடைசி வகை.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று ஒரு எறும்பை வைத்தே காட்டலாம். பூச்சிகளைப் பற்றிய பாடம். ஒரு வகுப்பில் அச்சடித்த எறும்புப் படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். கோட்டுக்கு வெளியே போகாமல் தீட்டினால் பாராட்டு. அடுத்த வகுப்பில் வெள்ளைத் தாளில் செத்த எறும்பு ஒன்று, ஒரு லென்ஸ், ஒரு பென்சில். பார்த்ததை வரை என்பதோடு சரி. முதல் முயற்சியில் பிள்ளைகள் கால்களை உடம்பு நெடுக வரிசையாக நட்டுவைக்கிறார்கள். வயிற்றிலிருந்துகூட இரண்டு கால் முளைக்கும். ஆசிரியர் திருத்துவதில்லை, மறுபடி லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை கத்துகிறது: எல்லாக் காலும் நடுவிலேயே இருக்கு! ஆறு கால்களும் மார்புப் பகுதியிலிருந்து வருகின்றன என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் படிக்காமலே பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு அழிப்பான், மறுபடி வரைதல். உணர்கொம்பு முழங்கை போல மடிந்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

இதிலிருந்து எனக்கு ஒரு சோதனை கிடைக்கிறது. கலையை எடுத்துவிட்டால் பாடம் குறைகிறதா? முதல் வகுப்பில் வண்ணப் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாலும் எறும்பைப் பற்றிய அறிவு ஒரு துளிகூடக் குறையாது. இரண்டாவதில் பென்சில்தான் பாடம்.

கணக்கிலும் இப்படிச் சில இடங்கள் உண்டு. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி மூன்றாவது எண்ணிக்கைதோறும், மறுபாதி நான்காவது எண்ணிக்கைதோறும் கைதட்டினால், பன்னிரண்டில் இரண்டு தட்டும் ஒன்றாக விழும். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) காதில் கேட்கிறது. ஆனால் எண்ணிக்கை ஒரே வேகத்தில் போனால்தான் அது விழும். காலப்பிரமாணத்தை வலியுறுத்தத் தெரியாத ஆசிரியரிடம் இது வெறும் கூச்சலாக முடியும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மரியாலே ஹார்டிமன் குழு, பால்டிமோர் நகரப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு அறிவியலைக் கலையோடு சேர்த்தும் சேர்க்காமலும் நடத்திப் பார்த்தது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கலையோடு படித்தது கூடுதலாக நினைவில் நின்றது. எழுத்து வழியாக மட்டும் நுழைய முடியாத பிள்ளைக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. இந்த வழிக்கு நான் கொடுக்கும் பெரிய மதிப்பெண் இதற்குத்தான். அமெரிக்க ஆய்வாளர்கள் எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் 2000-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கதையை நடித்துப் பார்ப்பது மொழித்திறனை உயர்த்துகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைத்தது. கலை படித்தால் எல்லாப் பாடத்திலும் மதிப்பெண் கூடும் என்ற பொதுவான வாக்குறுதிக்குக் கிடைக்கவில்லை. அந்த வாக்குறுதியைச் சொல்லிக் கலைக்கு இடம் கேட்பவர்கள் கலைக்கே தீங்கு செய்கிறார்கள். மதிப்பெண் கூடவில்லை என்று ஒரு வருடம் தெரிந்தால், அடுத்த வருடம் கலையைத் தூக்கிவிடுவார்கள்.

மூன்றாவது வழிக்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளை வைத்து, எந்தப் பள்ளிக்குக் கலைத்திட்டம் என்பதைக் குலுக்கலில் தீர்மானித்து நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. கலை அமைப்புகளோடு கூட்டுச் சேர்ந்த பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான மாணவர் விகிதம் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது. எழுதும் திறனைச் சோதிக்கும் தேர்வில் மதிப்பெண்ணும் ஓரளவு உயர்ந்தது. நல்ல செய்திதான். ஆனால் கலைஞர் கிளம்பிப் போன மறுவாரம் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

அதனால்தான் தனிப் பாடவேளையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. சுருதி பிடித்துப் பாடுவது, நிழல் தீட்டுவது, களிமண் காயும்போது வெடிக்காமல் காப்பது, இவையெல்லாம் படிப்படியாக, வருடக்கணக்கில் கைக்கு வருபவை. அறிவியல் ஆசிரியரால் இதைக் கற்றுத்தர முடியாது. அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. எறும்பு வகுப்பே நன்றாக நடக்க வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரிவதை வரை, மனதில் இருப்பதை வரையாதே என்று யாரோ ஒருவர் பிள்ளைகளுக்கு முன்பே பழக்கியிருக்க வேண்டும். கலைதான் எல்லாப் பாடத்திலும் கலந்துவிட்டதே, ஓவிய ஆசிரியர் எதற்கு என்று கேட்கும் நிர்வாகம், பாலை எல்லாருக்கும் ஊற்றிவிட்டு மாட்டை விற்கப் போகிறது.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் கலை ஆசிரியரை நியமிப்பதே என் தேர்வு. இன்னும் கொஞ்சம் இருந்தால், அவரும் பாட ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து திட்டமிட வாரத்தில் ஒரு பாடவேளை. எல்லாப் பாடத்திலும் கலையைத் திணிக்க வேண்டாம். ஒரு பருவத்துக்கு எறும்பு மாதிரி மூன்று நான்கு பாடங்கள் போதும். அந்தத் தாள்களை இருவருமே திருத்தட்டும்: கால்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று ஒருவரும், கோடு எறும்பைப் பார்த்து வந்ததா, பழக்கத்தில் வந்ததா என்று மற்றவரும்.