'இயற்கைத் திறமை' என்று சொல்லி 4,200 வெள்ளியை வாங்கிக்கொண்டார்கள்

மகனின் பூப்பந்துப் பயிற்சி நிலையத்திலிருந்து நேற்று இரவு வந்த பதிலைப் படித்த கோபம் இன்னும் இறங்கவில்லை, எழுத்து தாறுமாறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 4,200 வெள்ளி போய்விட்டது.

மகன் இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 3 படிக்கிறான். பிப்ரவரியில் ஒரு தனியார் பூப்பந்துப் பயிற்சி நிலையத்தில் இலவசத் 'திறன் தேர்வு' என்று போனோம். 30 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், உயரம், அவ்வளவுதான். ஷட்டிலை ஒரு தடவைகூட அடிக்கவிடவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்! ஆனால் கோச் அவன் தோளில் கைபோட்டு, "அண்ணே, இந்த வயசுல இந்தக் கால் வேகம் நூத்துல ஒருத்தனுக்குத்தான். இப்பவே புடிச்சா டிஎஸ்ஏ கன்ஃபர்ம்" என்று நம்ம தமிழில் சொன்னதும் மனசு இளகிவிட்டது. (டிஎஸ்ஏ என்றால் விளையாட்டு போன்ற திறமையைக் காட்டி, தேர்வு முடிவுக்கு முன்பே உயர்நிலைப் பள்ளியில் இடம் வாங்கும் வழி.) நின்ற இடத்திலேயே கைபேசியில் பேநவ் வழியாகப் பணம் அனுப்பினேன், ஓராண்டு 'எலீட்' திட்டம், 4,200 வெள்ளி.

என் பையன் பிறந்தது ஜனவரி முதல் வாரம். இங்கே ஜனவரி 2 முதல் அடுத்த ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு, டிசம்பர் பிள்ளைக்கு இவன் ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். ஒன்பது வயதில் அந்த ஒரு வருடம் உயரத்திலும் ஓட்டத்திலும் நன்றாகவே தெரியும். அவர்கள் அளந்தது பிறந்த மாதத்தை.

அக்டோபரில் மறுபடி தேர்வு. மற்றவர்கள் வளர்ந்துவிட்டார்கள், இவனைப் 'பொது'ப் பிரிவுக்கு இறக்கிவிட்டார்கள். மீதிப் பணத்தைக் கேட்டால் கவுண்டர் பெண் மேனேஜரைக் காட்டினார், மேனேஜர் கோச்சைக் கேளுங்கள் என்றார், கோச் வேலையை விட்டே போய்விட்டாராம். மூன்று வாரம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நேற்று வந்த பதில்: "திறமை மாறக்கூடியது, கட்டணம் திருப்பித் தரப்படாது, படிவம் பக்கம் 3." மாறக்கூடியது என்றால் பிப்ரவரியில் எதைக் கண்டுபிடித்தீர்கள், 4,200 வெள்ளிக்கு?

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. டிஎஸ்ஏ தொடக்கநிலை 6-ல்தான், முடிவு பள்ளியுடையது, விண்ணப்பிக்கக் கட்டணமும் கிடையாது, எந்த நிலையமும் 'கன்ஃபர்ம்' பண்ண முடியாது. முழுப் பணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள், மாதாமாதம் கொடுங்கள். பக்கம் 3-ஐப் படியுங்கள். ரசீது, மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், ஸ்மால் கிளைம்ஸில் (சிறு தொகை வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நான் இன்றைக்கே போகிறேன். பையன் சனிக்கிழமை வகுப்புக்குப் போகணுமா என்று கேட்கிறான், இன்னும் பதில் சொல்லவில்லை.