இல்லாத லைசென்ஸுக்கு இரண்டு ஆண்டு பணம் கட்டினோம்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் சிறிய அலுவலகம் எங்களுடையது. ஆர்டர் கடிதங்களுக்கென்று மைக்ரோசாஃப்ட் 365-இல் ஒரு பொது மின்னஞ்சல் பெட்டி உண்டு. நான்கு பேர் பார்ப்போம். அமைத்துத் தந்தவர், எங்கள் கணினிகளை ஆண்டு ஒப்பந்தத்தில் பராமரிப்பவர்.

சென்ற மாதம் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டியைத் திறந்து படிக்க முடிந்தது. பதில் அனுப்பினால் மட்டும், அந்த முகவரியிலிருந்து அனுப்ப அனுமதி இல்லை என்று உடனே திரும்பி வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளரோ பேக்கிங் லிஸ்ட் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பராமரிப்பாளர் வந்து பார்த்தார். "பெட்டியின் லைசென்ஸை உயர்த்த வேண்டும்" என்று 2,500 ரூபாய் வாங்கினார். சரியாகவில்லை. மறுமுறை வந்து சர்வர் கோளாறு என்றார். மின்னஞ்சல் ஒப்பந்தத்தில் சேராதாம், அதற்கு 1,200. மூன்றாம் முறை என் பாஸ்வேர்டை வாங்கி அந்தப் பெண்ணின் கணினியில் போட்டுவிட்டு, "இனி இதிலிருந்தே அனுப்புங்கள்" என்று போய்விட்டார். நானும் கொடுத்தேன் பாருங்கள், அது என் புத்தி. மறுநாள் மைத்துனர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் நான் இலைமுன் உட்கார்ந்திருக்க, என் பெயரில் வாடிக்கையாளருக்கு மூன்று கடிதங்கள் போயின.

சென்னையில் இருக்கும் அக்கா மகனிடம் தொலைபேசியில் புலம்பினேன். "மாமா, படிக்கிற அனுமதி வேறு, அனுப்புகிற அனுமதி வேறு. அட்மின் கணக்கு யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டான். யார் எந்தப் பெட்டியைத் திறக்கலாம், அனுப்பலாம் என்று தீர்மானிக்கும் அந்த நிர்வாகக் கணக்கும் பராமரிப்பாளரிடம்தான் இருந்தது. பாக்கித் தொகையை நிறுத்தி வைத்த பிறகு, நான்காம் நாள் பாஸ்வேர்டு வந்தது.

பெட்டியின் அனுமதிப் பக்கத்தில் மூன்று பட்டியல்கள் இருந்தன. முழு அணுகல் என்பதில் இருப்பவர் படிக்கலாம், அழிக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு அனுப்ப முடியாது. பெட்டியின் பெயரிலேயே அனுப்ப ஒரு பட்டியல், அதன் சார்பில் அனுப்ப இன்னொன்று. சார்பில் அனுப்பினால் நம் பெயரும் சேர்ந்து தெரியும். அந்தப் பெண் முதல் பட்டியலில் மட்டும் இருந்தார். இரண்டாவதிலும் சேர்த்தோம்; அரை நிமிட வேலை. உடனே பலிக்காது, ஒரு மணி நேரம் வரை ஆகலாம் என்றான். நாற்பதாவது நிமிடத்தில் கடிதம் போயிற்று.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். 50 ஜிபி வரை இத்தகைய பொதுப் பெட்டிக்குத் தனி லைசென்ஸே தேவையில்லையாம். இரண்டு ஆண்டுகளாக எங்கள் பில்லில் ஐந்து லைசென்ஸுகள். அட்மின் பக்கத்தில் வாங்கியிருப்பதாகக் காட்டியது நான்கு. உயர்த்துவதாகச் சொன்ன லைசென்ஸ் அங்கே இருக்கவே இல்லை.

முழு அணுகல் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு பெயரும் இருந்தது. பராமரிப்பாளருடையது. வாடிக்கையாளர் கேட்ட விலை, நாங்கள் இறங்கிய விலை எல்லாம் அந்தப் பெட்டியில்தான் கிடக்கிறது. கேட்டால், "சோதனைக்காக வைத்தது, எடுக்க மறந்துவிட்டேன்" என்கிறார். அப்போதே நீக்கிவிட்டு என் பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

உங்கள் அலுவலகத்திலும் பொதுப் பெட்டி இருந்தால், அட்மின் கணக்கு முதலாளி கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அந்த மூன்று பட்டியல்களையும் திறந்து ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். பில்லில் உள்ள லைசென்ஸ் எண்ணிக்கையை அட்மின் பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

நேற்று இந்த ஆண்டுக்கான பில்லை அனுப்பியிருக்கிறார். லைசென்ஸ் ஐந்து என்றே போட்டிருக்கிறார்.