ஒற்றை உடலா, இரட்டை உடலா? பாய்மரப் படகு ஒப்பீடு

ஆரம்பாக்கத்துக்காரனிடம் எந்தப் பாய்மரப் படகு நல்லதென்று கேட்டால், முதலில் ஆழத்தைத்தான் பார்ப்பான். எங்கள் பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமே ஏறக்குறைய 1 மீட்டர். நெடும்பயணத்துக்கான 40 அடி ஒற்றை உடல் படகின் ஏரா, அதாவது அடியில் நீட்டி நிற்கும் பாகம், நீருக்குள் சுமார் 2 மீட்டர் இறங்கும். சேற்றில் குத்தி நிற்கும். இரண்டு உடல்களைப் பக்கம் பக்கமாக இணைத்த, அதே நீள இரட்டை உடல் படகுக்கு ஒன்றேகால் மீட்டர் ஆழம் போதும். இங்கே அதுவும் தரைதட்டும், அது வேறு கதை!

கடலுக்குள் போனால் கணக்கு மாறுகிறது. ஒற்றை உடல் படகின் ஏராவில் ஈயமோ இரும்போ இருக்கும். காற்றடித்தால் படகு சாயும், டம்ளரில் டீ நிற்காது. ஆனால் சாயச் சாய அந்த எடை இழுத்து நிமிர்த்தும். எதிர்காற்றில் ஏறவும் இதுவே கெட்டி.

இரட்டை உடல், அகலத்தால் நிற்கிறது. டீ சிந்தாது, இடமும் தாராளம். சாயாததுதான் வம்பே: காற்று கூடுவது உடம்புக்குத் தெரியாது, பாயைச் சுருக்கத் தாமதமாகும். கவிழ்ந்தால் தானாக நிமிராது. சாமான் ஏற்றினால் வேகமும் போச்சு.

இரட்டை உடல் படகுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கேட்டமரான்' என்ற பெயர் நம் கட்டுமரம் கொடுத்தது. கட்டுமரத்துக்கோ இரண்டு உடல் கிடையாது, கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் இறங்குவதென்றால் நான் ஒற்றை உடலில்தான் ஏறுவேன்.