பேட்ஜ் மெஷின் வாங்கலாமா? கிருஷ்ணகிரியில் மூன்று வருடம் ஓட்டிய அனுபவம்

வீட்டிலேயே சட்டையில் குத்தும் வட்ட பேட்ஜ் செய்து ஆன்லைனில் விற்கலாம் என்று சொல்லும் வீடியோக்களில் எல்லாம் மெஷின் வந்து இறங்கிய முதல் வாரத்துக் கதைதான் இருக்கும். அட்டைப்பெட்டியைப் பிரிப்பார்கள், இரண்டு பேட்ஜ் அடிப்பார்கள், லாபக் கணக்குப் போடுவார்கள், முடிந்தது. நான் 2022 கடைசியில் வாங்கிய கை மெஷின் பழையபேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் நாள்பட்ட கதை சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு: மெஷினைக் குறை சொல்ல மாட்டேன், தொழிலும் ஓடுகிறது. ஆனால் சோறு போடுவது ஆன்லைனில் ஒவ்வொன்றாக விற்கும் பேட்ஜ் இல்லை.

58 எம்எம் டை என்கிற அச்சு, வட்டமாக வெட்டும் கட்டர், 500 பேட்ஜுக்கான சாமான் எல்லாம் சேர்த்து அப்போது ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. இரும்பு உடம்பு, மேலே ஒரு கைப்பிடி, கீழே நகர்த்தக்கூடிய இரண்டு டை. அவ்வளவுதான் மெஷின். முதல் டையில் ஷெல் என்கிற தகர மூடி, அதன் மேல் பிரிண்ட் ஆன பேப்பர், அதற்கு மேல் மைலார் என்கிற கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் பிலிம். கைப்பிடியை அழுத்தினால் மூன்றும் மேலே ஒட்டிக்கொண்டு போகும். இரண்டாவது டையில் ஊக்கு வைத்த பின்பக்கத்தை வைத்து மறுபடி அழுத்தினால், ஷெல்லின் விளிம்பு பேப்பரையும் பிலிமையும் இழுத்துக்கொண்டு உள்ளே மடங்கிப் பின்பக்கத்தைக் கவ்விக்கொள்ளும். பசையும் கிடையாது, சூடும் கிடையாது. அமெரிக்காவில் நியூஆர்க் நகரத்து வைட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் 1896-இல் காப்புரிமை வாங்கிய வேலைதான் இது. அன்றைக்கு மேலே செல்லுலாயிடு போட்டார்கள், இன்றைக்கு மைலார். அந்த வருடம் நடந்த அவர்கள் ஊர் ஜனாதிபதித் தேர்தலில் இந்த பேட்ஜ்தான் பறந்திருக்கிறது.

அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஷெல் பாக்கெட்டில் ஒன்றுக்குள் ஒன்று செருகி வரும். இரண்டு ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. அப்படியே வைத்து அழுத்தினால் கைப்பிடி பாதியில் நின்றுவிடும், மேலேயும் வராது, கீழேயும் போகாது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் எடுக்க வேண்டும், நெம்பும்போது டையின் உதட்டில் கீறல் விழுந்தால் பிறகு வரும் ஒவ்வொரு பேட்ஜிலும் அந்தக் கீறல் தெரியும். ஒவ்வொரு ஷெல்லையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து வைப்பது பழக்கமாகிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கூடவே, ஊக்கு எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்று டை மேலேயே மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சட்டையில் குத்தியதும் படத்தில் இருப்பவர் தலை சாய்ந்து நிற்பார்.

பேப்பர் விஷயத்தில் கஞ்சத்தனமும் கூடாது, தாராளமும் கூடாது. 100 முதல் 130 ஜிஎஸ்எம் (பேப்பரின் கனத்தைச் சொல்லும் அளவு) வரை என் மெஷினுக்குச் சரியாக இருக்கிறது. கெட்டியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று 200 ஜிஎஸ்எம் வைத்தால் விளிம்பு மடங்காது, பின்பக்கம் கழன்று கையோடு வரும். 58 எம்எம் பேட்ஜுக்கு 70 எம்எம் வட்டம் வெட்ட வேண்டும், அதாவது சுற்றிலும் 6 எம்எம் மடிப்புக்குள் போய்விடும். ஏ4 தாளில் மூன்று வரிசையில் நாலு நாலாக 12 வட்டம் அடங்குகிற மாதிரி தெரியும். ஆனால் தாளின் அகலம் 210 எம்எம், மூன்று எழுபதும் அதே 210. வீட்டு பிரிண்டர் ஓரத்தை விட்டுத்தான் அடிக்கும் என்பதால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். நடு வரிசையை மட்டும் அரை வட்டம் கீழே இறக்கி நெருக்கிப் போட்டால் 4, 3, 4 என்று 11 வட்டம் சுத்தமாக வரும். பெரிய ஆர்டர் என்றால் நான் வீட்டில் அடிப்பதே இல்லை. ஐந்து ரோடு ரவுண்டானா பக்கம் டிஜிட்டல் பிரிண்ட் கடையில் 12-க்கு 18 இன்ச் ஷீட்டில் 24 வட்டம் போட்டு எடுத்துவிடுவேன். ஒரு பேட்ஜுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாத கணக்கில் வரும்.

கடைக்குப் போவதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. என் பேட்ஜுகளில் ஆன்லைனில் அதிகம் ஓடுவது மாங்காய் வரிசை. என் நாத்தனார் மகள் வரைந்து கொடுத்தது: செந்தூரா, நீலம், அல்போன்சா, மல்கோவா, பெங்களூரா. மல்கோவா வட்டத்துக்கென்றே விளைந்த பழம், வேலையே இல்லை. பெங்களூராவுக்கு மூக்கு நீளம், சாய்த்து வைத்தால்தான் அடங்கும். “அத்தை, மூக்கை வெட்டினா அது பெங்களூராவே இல்ல” என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. செந்தூராவுக்கு அழகே அந்தச் சிவப்புக் கன்னம்தான். வீட்டு இங்க்ஜெட்டில் அடித்த செந்தூரா, பையில் மாட்டி வெயிலில் திரிந்தால் சில மாதத்தில் கன்னம் வெளுத்து அரைக்காயாகிவிடுகிறது. மைலார் தண்ணீரைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. கடையில் டோனர் என்கிற மைத்தூளில் அடித்தது அதே பையில் ஒரு வருடத்துக்கு மேல் நிற்கிறது. இன்னொன்று, இங்க்ஜெட் தாள் முழுசாகக் காயாமல் பிலிமை மூடினால் உள்ளே புகை படிந்த மாதிரி ஒரு மங்கல் வரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு ராத்திரி ஃபேன் கீழே விட்டு எடுப்பது நல்லது.

மெஷினின் தேய்மானம் பெரிதாக இல்லை. டை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒருமுறை மாற்றினேன், உள்ளூர் லேத் பட்டறையிலேயே வேலை முடிந்தது. நகரும் பாகத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், அதுவும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் பேப்பரில் ஏறினால் அந்த பேட்ஜ் குப்பைக்குத்தான். மேசையில் சும்மா வைத்து அழுத்தாமல் கெட்டியான பலகையில் போல்ட் போட்டு இறுக்குங்கள், தோள்வலி பாதி குறையும்.

இனி காசு. சாமான் நாலைந்து ரூபாய், பிரிண்ட், கழிவு எல்லாம் சேர்த்து ஒரு பேட்ஜ் அடக்கம் ஆறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் 35 ரூபாய்க்குப் போகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த ஒற்றை பேட்ஜை அட்டை வைத்து, கவர் போட்டு, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் தபால் செலவு பேட்ஜ் விலையைத் தாண்டும். முன்பு பதிவுத் தபால் என்று ஒரு வழி இருந்தது, அதையும் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் ஐந்துக்குக் கீழே ஆர்டர் எடுப்பதில்லை. ஒரு பெரிய விற்பனைத் தளத்திலும் கொஞ்ச காலம் போட்டுப் பார்த்தேன். கமிஷன் போக, வாங்காமல் திருப்பி அனுப்பிய பார்சலுக்கும் என் கணக்கில் பிடித்தார்கள். இப்போது இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மட்டும்தான். ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள், பேங்க் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கூத்து ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. விற்பனைத் தளம் வழியாக மாநிலத்துக்குள்ளேயே விற்கும் சிறு வியாபாரிக்கும் 2023 அக்டோபர் 1 முதல் பதிவு வேண்டாம், ஒரு சேர்க்கை எண் போதும். ஆனால் வரிக்கு உட்பட்ட பொருள் மாநில எல்லையைத் தாண்டினால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு கட்டாயம். ஆக, நான் கன்னியாகுமரி வரைக்கும் பதிவில்லாமல் அனுப்பலாம், ஓசூர் ஜூஜூவாடிக்கும் அனுப்பலாம், எல்லையைத் தாண்டி கர்நாடகத்தில் இருக்கிற அத்திப்பள்ளிக்கு அனுப்பக் கூடாது. மாங்காய் பேட்ஜைத் தேடி வாங்குபவர்களோ பெங்களூரில் வேலைக்குப் போன நம்ம பிள்ளைகள். 2024-இல் பதிவு எடுத்துவிட்டேன். விற்பனையே இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும், ஆடிட்டருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். பெங்களூர் ஆர்டர் நிலையாக வராதவர்கள் இந்த வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், அதை மட்டும் முதலில் செய்துகொள்ளுங்கள், யாரும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நடிகர் படம் கேட்டுத்தான் பாதிப் பேர் வருவார்கள். நான் போடுவதில்லை. போட்டோவுக்கு நம் சட்டப்படி வெளியானதிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை இருக்கிறது, எடுத்தவர் கேட்டால் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது.

உண்மையில் வருமானம் எங்கிருந்து என்றால், இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு நேரில் வரும் உள்ளூர் ஆட்களிடமிருந்து. பொங்கல் முடிந்ததும் எருது விடும் விழா தொடங்கிவிடும். ஒவ்வொரு காளைக்கும் ஒரு பெயர், ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்துக்கு நூறு, நூற்றைம்பது பேட்ஜ். காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போனில் படத்தோடு வந்தான். காளை நேராகப் பார்த்து நிற்கிறது, கொம்பு இரண்டும் படத்தின் ஓரத்தைத் தொடுகிறது. வட்டத்துக்குள் போட்டால் கொம்பு நுனி இரண்டும் மடிப்பில் போய்விடும்.

“முகத்தை மட்டும் பெருசா வச்சுக்கலாமா தம்பி?”

“வேணாங்கக்கா. கொம்பு முழுசா வரணும். கொம்பு தெரியலன்னா எவன் குத்திக்குவான்?”

காளையைச் சின்னதாக்கி, சுற்றிலும் மஞ்சள் கொடுத்து, பெயரைக் கொம்புக்குக் கீழே இறக்கினோம். அதிலிருந்து காளை ஆர்டர் என்றால் பக்கவாட்டில் எடுத்த படம் கேட்கிறேன். விழாத் தேதியை மட்டும் போடுவதில்லை. அனுமதி வந்து தேதி உறுதியாவதற்குள் அது மாறிவிடும், தேதி மாறிய பேட்ஜை யாரும் வாங்க மாட்டார்கள்.

ஜூன் மாதம் பள்ளிகள். கிளாஸ் லீடர், ஹவுஸ் கேப்டன் என்று வரிசையாக வரும். சின்ன வகுப்புக்குத் திறந்த ஊசி வைத்த இரும்புப் பின்பக்கம் வேண்டாம், மூடிக்கொள்ளும் ஊக்கு வைத்த பிளாஸ்டிக் பின்பக்கம் போடுங்கள், துருவும் பிடிக்காது. ஒரு பள்ளி எனக்கு ஜூனில் கொடுத்த ஆர்டருக்கு தீபாவளி கழித்துப் பணம் கொடுத்தது. இப்போது யாராக இருந்தாலும் பாதி முன்பணம். ஓசூர் பக்கத்திலிருந்து தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்பார்கள், எழுத்தை அவர்களையே படமாக அனுப்பச் சொல்லி அப்படியே அடித்துவிடுவேன், பிழை பார்க்கிற பொறுப்பு அவர்களுடையது என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டுதான்.

வாங்கப் போகிறவர்கள் மெஷின் விற்பவரிடமே ஷெல் தொடர்ந்து கிடைக்குமா என்று கேளுங்கள். எல்லாம் 58 எம்எம் என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் வேறு இடத்து ஷெல் மயிரிழை பெரிதாக இருந்தாலும் டைக்குள் உட்காராது. மொத்தமாக வாங்கும் முன் சாம்பிள் பத்து அடித்துப் பாருங்கள். டை மாற்றக்கூடிய மாடலாக இருந்தால் நல்லது. காலேஜ் பிள்ளைகள் இப்போது 44 எம்எம் கேட்கிறார்கள், அதற்கு டை, கட்டர், ஷெல், லேஅவுட் எல்லாமே தனி. எருது சீசன் பணம் கைக்கு வந்ததும் அதைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.