ப்ளூ புக் கோப்புகள்: முடிவுக் கட்டத்தைக் கடைசியில் பாருங்கள்

பறக்கும் தட்டுப் புகார்களை ராணுவம் எப்படி விசாரித்தது என்று மூல ஆவணத்திலேயே படிக்க விரும்புகிறவர்களுக்கு, அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள ப்ளூ புக் தொகுப்பைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஓஹையோவின் ரைட்-பேட்டர்சன் தளத்திலிருந்து அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய விசாரணை இது. 1947 முதல் வந்தவற்றையும் சேர்த்து 12,618 புகார்கள். 701 மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. மொத்தமும் டி-1206 என்ற எண்ணில் 94 மைக்ரோஃபிலிம் சுருள்களாக இருக்கிறது. ஸ்கேன் செய்த பக்கங்கள் இணையத்திலும் கிடைக்கின்றன.

கோப்புகள் தேதி வரிசையில் உள்ளன. புதிதாகத் தேடுபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஒவ்வொரு புகாரையும் சுருக்கிச் சொல்லும் பதிவு அட்டையில் உள்ளூர் நேரம், கிரீன்விச் நேரம் இரண்டும் உண்டு. நியூ மெக்சிகோவின் சொகோரோவில் காவலர் லோனி சமோரா கண்டது 1964 ஏப்ரல் 24, மாலை சுமார் 5.45. கிரீன்விச் கணக்கில் அது 25ஆம் தேதி 00.45. அதனால் எந்தச் சம்பவத்துக்கும் முன்பின் ஒரு நாள் சேர்த்துத் தேடுங்கள்.

அட்டையில் விசாரணையின் முடிவைக் குறிக்கும் கட்டத்தில் பலூன், விமானம், வானியல் பொருள் ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள்: உறுதி, அநேகமாக, இருக்கலாம். 'இருக்கலாம்' என்று குறித்ததை 'தீர்ந்தது' என்று படித்துவிடக் கூடாது. 'தகவல் போதாது' என்பது தனி வகை, அந்த 701இல் சேராது. இதைக் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம்.

தொகுப்பின் உயிர், சாட்சி நிரப்பிய கேள்வித்தாள். கையை நீட்டிப் பிடித்தால் எந்தப் பொருள் அதை மறைத்திருக்கும் என்று ஒரு கேள்வி: குண்டூசித் தலை, பட்டாணி, நாணயங்கள், பேஸ்பால், கூடைப்பந்து வரை பட்டியல். அருமையான கேள்வி, விடையை நாமே சோதிக்கலாம். முழுநிலா அரை டிகிரி அகலம். கை நீளத்தில் ஒரு பட்டாணியே அதை மறைத்துவிடும். பேஸ்பால் என்றால் சுமார் 7 டிகிரி, பதின்மூன்று பதினான்கு நிலாக்களை வரிசையாக வைத்த அகலம். வானத்தில் இருப்பதைக் கண் பெரும்பாலும் பெரிதாகவே மதிப்பிடும். ஆகவே அளவைவிட, எந்தத் திசை, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம், எத்தனை நிமிடம் என்ற விடைகளை நம்புங்கள். அந்த மூன்றும் சரியாக இருந்தால் எந்த வான்வரைபட மென்பொருளிலும் அன்றைய வெள்ளி, வியாழன் கோள்களின் இடத்தை நீங்களே ஒப்பிடலாம். அரைமணி நேரம் நகராமல் நின்று பிறகு மேற்கே இறங்கிய ஒளி என்றால் முதல் சந்தேகம் கோள்தான்.

குறைகளும் உண்டு. கார்பன் நகல்கள் பல இடங்களில் மங்கிப்போயிருக்கின்றன, பொறுமை வேண்டும். சாட்சிகளின் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன, அது நியாயம்தான். ஆனால் ஒரே கோப்பில் மூன்று சாட்சிகள் இருந்தால் யார் எதைச் சொன்னார் என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கையெழுத்தைப் பார்த்துப் பிரிப்பதே வழி. படங்களைக் கோப்புக்குள் தேடி நேரம் போக்காதீர்கள். அவை தனியாகக் கடைசி இரண்டு சுருள்களில் இருக்கின்றன.

முதல்முறை திறப்பவர்கள் சொகோரோ கோப்பிலிருந்து தொடங்கலாம். தரையில் இருந்த தடங்களை அளந்த குறிப்புகளும், விமானப்படையின் வானியல் ஆலோசகர் ஹைனெக் நேரில் போய் விசாரித்ததும் அதில் உண்டு. அட்டையை மூடி வைத்துவிட்டு, அவற்றை முதலில் படியுங்கள்.